மங்கின லைட்டும் மாப்பிள்ளை பேச்சும்

எனக்குச் சந்தேகம் அதிகம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோக்காரர் “ஒரே ஒரு ஆள்தாம்மா, ஏறினா கெளம்பிடலாம்” என்றால், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களில் யாரெல்லாம் அவருடைய கூட்டாளிகள் என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். அம்மா என்னை சிஐடி என்றுதான் கூப்பிடுவாள். என் வேலையும் அதற்குத் தோதாக அமைந்தது. ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் ஒரு கம்பெனியில் கடைசி இன்ஸ்பெக்ஷன் நான். கைக்கு வருகிற ஒவ்வொரு கட்டிலும் எங்கோ ஒரு தப்பு ஒளிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே பார்க்க வேண்டும். அதற்குத்தான் சம்பளமே கொடுத்தார்கள்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டோ பதிமூன்றோ, அந்த வருஷம் எனக்கு ஒரு வரன் வந்தது. வரன் என்று வெளியூரிலிருந்து ஜாதகத்தோடு வரவில்லை. பென்னலூரில் எங்கள் தெருக் கோடியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தவர்தான். திருநெல்வேலிப் பக்கம். ஒரு கார் கம்பெனியில் பெயிண்ட் ஷாப்பில் வேலை. எங்கள் ஆட்கள்தான் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, அவருடைய சித்தப்பா ஒருவர் பழம், வெற்றிலையோடு வந்து அப்பாவிடம் பேசிவிட்டுப் போனார். அப்பாவுக்குப் பரம சந்தோஷம். அம்மாவுக்கு அரை சந்தோஷம், அவ்வளவு தூரத்தில் யார் போய் விசாரிப்பது என்று. முடிவு என்னுடையது என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மார்கழி முடிவதற்குள் சொல் என்றாள் அம்மா. தை பிறந்ததும் மேற்கொண்டு பேச வேண்டும்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இவ்வளவு சீக்கிரம் ஒருவரைப் பிடித்துப்போனதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

பிடித்ததற்குக் காரணம் அப்பாவின் கார். அப்பா ஒரு பழைய வெள்ளைக் காரை ஷிஃப்ட் வண்டியாக ஓட்டிக்கொண்டிருந்தார். பென்னலூரிலும் வல்லக்கோட்டைப் பக்கத்திலும் ரூம்களில் தங்கியிருக்கும் பெண்களை விடியுமுன்னே ஏற்றிக்கொண்டு போய் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு இறக்கிவிடுவார். ஐப்பசி மழையில் முன்னால் போன லாரி திடீரென்று பிரேக் போட, மோதி, லைட்டுகள் எப்படியோ தப்பினாலும் காரின் முகமே சப்பிப் போனது. டிங்கர் வேலை முடிந்ததும் பெயிண்டுக்கு ஆள் தேடினார் அப்பா. அதுவரை அப்பாவை அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்தத் தெருக்கோடிக்காரர் அன்றைக்கு, “மாமா, நானே அடிச்சுத் தாரேன்” என்றார். அண்ணாச்சி எப்போது மாமா ஆனார் என்று ஜன்னலுக்குப் பின்னால் நின்ற நான் அப்போதே குறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் சித்தப்பா பழத்தோடு வந்தார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தார். அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. லைட்டுகளையெல்லாம் கழற்றி, தூசு படாமல் இருக்கட்டும் என்று தன் ரூமிலேயே கொண்டுபோய் வைத்துக்கொண்டார். பானெட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத மூலையில் இருந்த போல்ட்டுகளைக்கூடக் கழற்றி, பட்டி தேய்த்து, பிரைமர் அடித்து, அதன் மேல் கலர், அதன் மேல் பளபளப்புக்கு இன்னொன்று. அடித்து முடித்துவிட்டு வெயிலில் தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். யார் பார்க்கப்போகிறார்கள் உள்ளே என்று அப்பா கேட்டதற்கு, “நான் பாத்துட்டேன்லா மாமா” என்றார். அந்தப் பதில்தான் என்னைக் கவிழ்த்தது. கூலி ஒரு பைசாகூட வாங்கவில்லை. அது மட்டும் எனக்கு இடித்தது.

மார்கழி பிறந்தது. பனி கொட்ட ஆரம்பித்ததும் அப்பா புலம்ப ஆரம்பித்தார். “இன்னா லைட்டு இது, எரிஞ்சிகினு கீதா அணைஞ்சிகினு கீதான்னே தெரியல.” வண்டியில் வந்த பெண்களில் ஒருத்தி, “அண்ணா, லைட்ட போட்டு ஓட்டுங்கண்ணா” என்றாளாம். போட்டுத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் தெருவில் கார் செய்யாத வீடே கிடையாது. ஒருவர் கண்ணாடிக் கம்பெனி, ஒருவர் டயர், எதிர்வீட்டு அக்கா சீட் தைப்பவள், பக்கத்து வீட்டுக்காரர் இன்ஜின் லைன். எல்லோரும் வந்து காரைச் சுற்றி நின்று பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்து முதல்தரம் என்றார். இன்ஜின்காரர் இன்ஜினைக் காதால் கேட்டுவிட்டு இதில் ஒன்றும் குறையில்லை என்றார். சீட் அக்கா சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தையல் விட்டிருப்பதாகச் சொன்னாள். தெருவே கூடினால் ஒரு புது கார் செய்துவிடலாம். ஆனால் அவரவருக்குத் தெரிந்தது லைனில் அவரவர் நிற்கிற இடம்தான். எனக்கும் அதே கதைதான் என்றாலும், நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அப்பா முதலில், எதிரே வருகிறவர்களுக்குக் கண் கூசாமலிருக்க லைட்டின் மேல் போலீஸ்காரர்கள் ஒட்டிவிட்டிருந்த கறுப்பு ஸ்டிக்கர்தான் காரணம் என்று அதைச் சுரண்டி எடுத்தார். கோந்துக் கறை மிஞ்சியதே தவிர வெளிச்சம் கூடவில்லை. பிறகு ஹைவே ஓரத்து மெக்கானிக்கிடம் போனார். லைட்டுகளைத் திரும்ப மாட்டினது அந்த மெக்கானிக்தான் என்பதால் என் சந்தேகம் அவர் மேல் விழுந்தது. அவர் புது பல்பு போடச் சொன்னார். புது பல்புகளை வாங்கி, அவற்றின் இரும்பு அடிப்பாகத்தில் என் நகப்பாலீஷால் சின்னதாக ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தேன். அவர் பழையதைப் போட்டுவிட்டுப் புதியதை அமுக்கிக்கொள்ளக் கூடாது அல்லவா. சாயங்காலம் வண்டி வந்ததும் கழற்றிப் பார்த்தேன். புள்ளி அப்படியே இருந்தது. மெக்கானிக் அப்பாவிடம், “பல்புக்கு மருதாணி வெச்சது உங்க பொண்ணா?” என்று கேட்டாராம். ஆனால் வெளிச்சம் மட்டும் பழையபடிதான். பேட்டரியாக இருக்கும் என்றார். பேட்டரி மாற்றினோம். டைனமோ கரண்ட் கொடுக்கவில்லை என்றார். அதையும் கழற்றிப் பார்த்தார். எல்லாம் நன்றாகவே இருந்தது. லைட் மட்டும் நோயாளி மாதிரி மஞ்சளாக எரிந்தது.

மெக்கானிக் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்ததும் அது நேராகத் தெருக் கோடிக்குப் போனது. லைட்டுகள் யார் ரூமில் இருந்தன? அவர் ரூமில். நல்ல லைட்டை எடுத்துக்கொண்டு, உள்ளே ரசம் போன பழைய லைட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தால் யாருக்குத் தெரியும்? கூலி வாங்காததற்கும் இப்போது காரணம் கிடைத்துவிட்டது. என்னோடு வேலை செய்யும் திருநெல்வேலிப் பெண் ஒருத்தியைப் பிடித்து, ஊரில் விசாரித்துச் சொல்லச் சொன்னேன். குடி கிடையாது, சீட்டு கிடையாது, மாதாமாதம் அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறார், தங்கமான பிள்ளை என்று தகவல் வந்தது. இவ்வளவு நல்ல தகவல் வந்தால் மனுஷி நம்புவாளா? அந்தப் பெண்ணும் அவருக்குச் சொந்தமோ என்று ஒரு நாள் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள். உனக்கு மாப்பிள்ளை பார்க்கிறோமா, திருடன் பிடிக்கிறோமா என்றாள். நான் வேண்டாம் என்று சொல்ல ஒரு சாக்கைத் தேடவில்லை. சத்தியமாக இல்லை. சரி என்று சொல்வதற்கு முன்னால், இந்த லைட்டுக்கு அவர் காரணமில்லை என்று எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அது தெரியாமல் கழுத்தை நீட்ட என்னால் முடியாது.

அந்த வாரம் புதன்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார். வந்தவர் சாப்பிட்டாச்சா, ஷிஃப்ட் முடிஞ்சுதா என்றெல்லாம் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில், “லைட்டு சரியாச்சா?” என்றார். இல்லை என்றேன். “ஓ” என்றார். வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். கைக்குட்டையை எடுத்து ஒன்றுமில்லாத முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாரேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கள்ளன் முழி என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். சந்தேகம் உறுதியாகிவிட்டால் எனக்கு எப்போதும் ஒரு திருப்தி வரும். அன்றைக்கு வரவில்லை. அழுகைதான் வந்தது.

வெள்ளிக்கிழமை அப்பா ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பி வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். அம்மா கொடுத்த காபி அப்படியே ஆறிப்போனது. வல்லக்கோட்டை ரோட்டில் பனி. மார்கழி வெள்ளி என்பதால் விடியற்காலையிலேயே முருகன் கோவிலுக்கு நடந்துபோகிறவர்கள். ஒரு அம்மா பூக்கூடையோடு ரோட்டோரம் போயிருக்கிறாள். “பச்சைப் புடவைம்மா. கிட்ட வந்தப்புறம்தான் தெரிஞ்சுது, அது புடவைன்னு” என்றார் அப்பா. வண்டியை ஒடித்து மண்ணில் இறக்கிவிட்டார். கூடை பறந்துபோய் ரோடெல்லாம் பூ. அந்த அம்மாவுக்கு அடி இல்லை. வண்டியில் இருந்த பெண்கள் அலறியிருக்கிறார்கள். அப்பா இறங்கிப்போய் ஒவ்வொரு பூவாகப் பொறுக்கிக் கூடையில் போட்டுக் கொடுத்தாராம். என்ன பேசினோம் என்று அவருக்கு நினைவில்லை. மறுநாளும் போனார். போகாவிட்டால் கான்ட்ராக்டை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர் திரும்பி வரும்வரை நானும் அம்மாவும் வாசலிலேயே நின்றோம்.

ஞாயிற்றுக்கிழமை யாரையும் நம்பாமல் நானே இறங்கினேன். இன்னும் சரியாக விடியவில்லை. எதிர்வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துக் காரை நிறுத்தி லைட்டைப் போடச் சொன்னேன். சுவரில் இரண்டு அழுக்கு மஞ்சள் வட்டம். இண்டிகேட்டரைப் போடுங்கள் என்றேன். இண்டிகேட்டர் துடிக்கத் துடிக்க, கூடவே ஹெட்லைட்டும் மினுக் மினுக் என்று துடித்தது. அப்பா கவனித்ததே இல்லை. எனக்கு அதை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கள் டெஸ்ட் போர்டில், கரண்ட் திரும்பிப் போகிற எர்த் ஒயர் சரியாக உட்காராவிட்டால், ஒரு விளக்கு இன்னொரு விளக்கோடு சேர்ந்து இப்படித்தான் ஆடும். பல்புக்கு கரண்ட் வருகிற வழியைத்தான் இத்தனை நாளும் எல்லோரும் பார்த்தார்கள். அது திரும்பிப் போகிற வழியை யாரும் பார்க்கவில்லை.

ஒரு நீள ஒயரை எடுத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸில் கட்டினேன். மறு முனையை லைட்டின் எர்த் ஒயரில் தொட்டேன். சுவர் வெள்ளை வெளேரென்று ஆனது. எதிர்வீட்டுச் சுவரில் கரியால் எழுதியிருந்த சின்னப் பிள்ளைகளின் கிறுக்கல்கூடத் தெரிந்தது. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஆ என்று பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்தேன், மங்கியது. தொட்டேன், எரிந்தது. லைட்டுக்குள் ஒரு குறையும் இல்லை. அந்த எர்த் ஒயர் எங்கே போகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போனேன். இரண்டு லைட்டுக்கும் ஒரே இடம்தான். முன் தகட்டின் ஓரத்தில் ஒரு போல்ட். ஸ்பானர் போட்டுக் கழற்றினேன்.

போல்ட்டுக்கு அடியில் இருக்க வேண்டியது வெறும் இரும்பு. இருந்தது பெயிண்ட். பட்டி, பிரைமர், கலர், பளபளப்பு எல்லாம் சேர்ந்து கண்ணாடி மாதிரி வழவழவென்று பூசிய பெயிண்ட். அந்தப் பெயிண்டைத் தாண்டி கரண்ட் எப்படிப் போகும்? போல்ட்டின் மரை எங்கோ கொஞ்சம் சுரண்டிய இடத்தில் தட்டுத் தடுமாறிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

நான் சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். திருடவில்லை, அந்த மனுஷன் ஒன்றையும் திருடவில்லை. கம்பெனியில் காரின் பாடி அவர் கைக்கு வரும்போதே எர்த் போல்ட் இருக்கும் இடங்களையெல்லாம் வேறு யாரோ மூடி போட்டு மறைத்து அனுப்பியிருப்பார்கள். மூடிக்கு அடியில் என்ன, ஏன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. வீட்டுக் காரில் மூடி போட ஆள் இல்லை. போல்ட்டையே கழற்றி, அழகாக, அன்பாக, எல்லா இடத்திலும் அடித்துவிட்டார். உப்புத்தாளால் அந்த இடத்தை இரும்பு தெரியும்வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கினேன். லைட் பிரமாதமாக எரிந்தது. நேராக அடுப்படிக்குப் போய் அம்மாவிடம், சாயங்காலம் அவர் வந்தால் கேசரி செய் என்றேன். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கரண்டியோடு என்னைக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் வந்தார். அப்பாவும் அவரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நான்தான் டீ கொண்டுபோனேன். அப்பாவுக்குத் தாங்கவில்லை, காலையில் நடந்ததையெல்லாம் கொட்டினார். உங்கள் பெயிண்ட் வேலை கரண்டுக்கே வழி விடவில்லை என்று கிண்டல் பண்ணினார். அவர் முதலில் வெளிறிப்போனார். அப்பா சிரிப்பதைப் பார்த்ததும், நானும் சிரிப்பதைப் பார்த்ததும், பெரிய பாரம் இறங்கின மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பேன்ட் பையிலிருந்து மடித்து வைத்திருந்த உப்புத்தாளை எடுத்துக் காட்டினார்.

“நானும் அதுக்குத்தான் மாமா வந்தேன். நீங்க உள்ள போற நேரம் பாத்து, தெரியாம தேச்சு விட்ருவோம்னு நினைச்சேன். எங்க லைன்ல மூடி போடுத பிள்ளைகிட்ட கேட்டேன், அதுதான் சொல்லிச்சு, எர்த்து போல்ட்டுக்கு அடியில பெயிண்ட் போகக் கூடாதுன்னு. புதன்கிழமையே தெரிஞ்சுட்டு.”

அப்பா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். எனக்கு நின்றுவிட்டது.

“புதன்கிழமையா?” என்றேன்.

“ஆமா.”

“பஸ் ஸ்டாப்புல என்னைப் பாத்தீங்களே, அப்பவா?”

அவர் உப்புத்தாளை மடித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அப்பாவின் சிரிப்பும் மெல்ல அடங்கியது. வெள்ளிக்கிழமை நடந்ததை நான்தான் சொன்னேன். பனி, பச்சைப் புடவை, பூக்கூடை, வண்டிக்குள் இருந்த பெண்கள், சனிக்கிழமையும் அதே லைட்டில் அப்பா போனது, நாங்கள் வாசலில் நின்றது. கோபப்பட்டுச் சொல்லவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். பிறகு, “தெரிஞ்சா நீங்க என்னை வேண்டாம்னு சொல்லிருவீயளோன்னு பயந்துட்டேன்” என்றார்.

அது பொய் இல்லை. அந்த ஆள் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. எங்கள் கம்பெனியில் ஒயரைத் தப்பாகச் சொருகிவிட்டவளைத் திட்டுவார்கள், மறுபடி செய்யச் சொல்வார்கள், அதோடு போச்சு. தப்பு என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு அடுத்தவள் கைக்குத் தள்ளிவிடுகிறவளை மறுநாள் லைனில் பார்க்க முடியாது. எனக்கு அப்போது அதுகூட நினைவுக்கு வரவில்லை. புதன்கிழமை நேரில் சொல்ல வராவிட்டால் ஒரு போன் பண்ணியிருக்கலாமே, ஒரே ஒரு போன், என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. பண்ணியிருந்தால் அன்றைக்கே கேசரி செய்திருப்போம்.

அப்பா என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, சின்னப் பையன், பயந்துவிட்டான் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் குரலும் இறங்கிவிட்டது. டீ தம்ளரைக் கீழே வைத்தார். அன்றைக்கு வண்டியை ஒடித்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்திருந்தவர் எழுந்து என் எதிரில் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

“இப்பம் சொல்லிட்டேம்லா?”

“லைட்டு எரிஞ்சதுக்கு அப்புறம்தானே சொன்னீங்க” என்றேன்.

உள்ளே போனேன். அம்மா தட்டில் கேசரியை எடுத்துவைத்துக்கொண்டு, கொண்டுபோகட்டுமா என்று கண்ணாலேயே கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.